நிண்டுபோன மாப்பிள்ளை

ரொபின்சன் மவுஸை மேசையில் தட்டிப் பார்த்தான். சட்டையில் துடைத்துப் பார்த்தான். வயரைக் கழற்றி, ஊதி, திரும்பச் செருகினான். திரையில் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது. வருசம் முழுக்க ஒழுங்காக ஓடிய சனியன், போயும் போயும் இன்றைக்கா சாகவேண்டும்?

"என்ன தம்பி, பிழையோ?" என்றாள் றோசம்மா.

"ஒண்டுமில்லை அக்கா. சின்னப் பிரச்சினை."

சின்னப் பிரச்சினை என்று ரொபின்சன் சொன்னால் வெள்ளாங்குளம் சந்தியில் ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள். அவனுடைய கொமினிகேசன் கடையில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை. ஆனால் றோசம்மா எழும்பக்கூடிய நிலையில் இல்லை. கூறைப்பட்டு உடுத்து, தலையில் பூ வைத்து, பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் அவள் புருசன் இராயப்பு, புது வேட்டி, நீலச் சட்டை, யாரோ அடித்துக் கொண்டுவந்து இருத்தியது மாதிரி ஒரு முகம்.

இன்றைக்கு அவர்களுடைய ஒரே மகன் பெனடிற்றுக்குக் கல்யாணம். கல்யாணம் நடப்பது கடலுக்கு அந்தப் பக்கம், மண்டபம் அகதி முகாமில்.

இருபது வருசம் அந்த முகாமில்தான் இந்தக் குடும்பம் இருந்தது. சண்டை முடிந்து, மீள்குடியேற்றம் என்று அறிவித்ததும் இராயப்பு ஊருக்குப் போவோம் என்றார். பெனடிற் மாட்டேன் என்றான். கைக்குழந்தையாய்ப் படகில் போனவன். பெயின்ற் வேலை, கூட்டாளிமார், எல்லாம் அவனுக்கு அங்கேதான். "அப்ப நீ எனக்குப் பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட்டு இராயப்பு பெண்சாதியோடு பிளேன் ஏறி வந்துவிட்டார். அன்றைக்கு நின்ற கதைதான். தாய் மட்டும் போனில் ஒளித்துக் கதைப்பாள்.

இப்போது அவன் தாய்க்கு ஒரு சேதி சொல்லியிருந்தான். கோயிலுக்கு வெளிக்கிட முதல் தாய் தகப்பனுக்கு முன்னால் முழங்காலில் நின்று, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு போவதுதானே எங்கள் ஆட்களின் வழக்கம். நேரில் முடியாவிட்டால் கொம்பியூட்டரிலாவது அப்பா ஒரு சொல்லுச் சொல்லவேண்டும். அவர் முதலில் வாய் திறக்கவேண்டும். இல்லாவிட்டால் தான் கோயில் படி ஏறப்போவதில்லை. பத்து மணிக்குப் பூசை. அந்தப் பங்குச் சுவாமிக்கு அதற்குப் பிறகு வேறு ஊரில் பூசை இருக்கிறது.

இராயப்புவைச் சம்மதிக்க வைத்தது ரொபின்சன்தான். ஒரு கிழமையாய் அவருடைய வீட்டு வளவுக்கு நடையாய் நடந்து, கிணறு இறைக்கக் கை கொடுத்து, வேலி அடைத்து, கடைசியில் "சரி, வந்து இருக்கிறன். என்ன சொல்லுவன் எண்டு கேளாத" என்ற அளவுக்குக் கொண்டுவந்திருந்தான். இப்போது மவுஸ் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்லுவான்?

நல்லவேளையாக வீடியோக் கோல் அங்கிருந்தே வந்தது. ரொபின்சன் என்ரர் தட்டினான். திரையில் முகாம் தெரிந்தது. ஐயோ, என்ன சனம்! ஒரு சின்ன ஓலைப் பந்தலுக்குள் முகாமே நெரிந்தது. கையை ஆட்டுவாரும், எட்டிப் பார்ப்பாரும், பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாருமாய் மீன் வாடி மாதிரி ஒரே அமளி. நடுவில் கோட் போட்ட பெனடிற். பக்கத்தில் கல்யாணப் பொம்பிளை தர்ஷிகா. அவளோடு ஒட்டிக்கொண்டு பச்சைச் சேலையில் பொம்பிளையின் தாய் மார்த்தா.

"மாதாவே, என்ர பிள்ளை!" என்றாள் றோசம்மா.

இராயப்பு சுவரைப் பார்த்தார்.

அவர்கள் வாய் அசைந்ததே தவிர ஒரு சொல்லும் கேட்கவில்லை. காரணம், பாட்டு. காலையில் கடை திறந்தபோது, கல்யாணக் களை இருக்கட்டும் என்று ரொபின்சனே கொம்பியூட்டரில் ஒரு பாண்ட் வாத்தியப் பாட்டைச் சுற்றிச் சுற்றிப் பாடும்படி போட்டுவிட்டிருந்தான். இப்போது அதை நிறுத்த மவுஸ் இல்லை. ஸ்பீக்கரில் ஒரே தாரை தப்பட்டை.

போட்டோக்கொப்பி எடுக்க வந்து மூலையில் காத்திருந்த நூர்ஜஹான் காதைப் பொத்தினாள். "தம்பி, அந்த ஸ்பீக்கரைத்தான் கொஞ்சம் குறையுமேன்."

"குறைக்கிற திருகாணி உடைஞ்சு போச்சு அக்கா."

"அப்ப உம்மட கடையில உடையாத சாமான் என்னதான் இருக்கு?"

அதற்குள் படம் ஒருமுறை துடித்து, கோல் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து திரும்ப எடுத்தார்கள். படம் வந்தது. ரொபின்சன் என்ரர் தட்டினானே தவிர அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு முதலில் பாட்டை நிறுத்தவேண்டும்.

மவுஸ் இல்லாவிட்டாலும் அவனிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. பெரியமடு லக்சன், பல்கலைக்கழகத்தில் கொம்பியூட்டர் படிக்கிறவன், லீவில் வந்தபோது போட்டுத் தந்தது. கீபோட்டில் மூன்று பொத்தானைச் சேர்த்து அமத்தினால் கறுப்பாய் ஒரு பெட்டி விரியும். அதில் ஒரு சொல்லை அடித்தால், உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எல்லாம் பெயர் பெயராய் வந்து வரிசையில் நிற்கும். முதல் இரண்டு எழுத்தை அடித்தால் மற்றவர்கள் விலகி, அந்தப் பெயர்க்காரர் மட்டும் மிஞ்சுவார். அம்புப் பொத்தானால் ஆளைப் பிடித்து என்ரர் தட்டினால் முடிந்தது அலுவல். எந்த மண்டைக்கனம் பிடித்த புரோகிராமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். உண்மையாத்தான் சொல்லுறியோ என்று ஒரு மறுகேள்விகூட இல்லை.

"அண்ணை, தெரியாத பேரில கை வையாதேங்கோ" என்று லக்சன் சொல்லிவிட்டுத்தான் போனான். நல்ல புத்திமதிதான். ஆனால் ரொபின்சனுக்குத் தெரிந்த பெயர் அந்த வரிசையில் மூன்றோ நாலோதான்.

"ஒரு தட்டுத்தான் அக்கா. பாட்டு நிண்டிடும்" என்று அவன் கறுப்புப் பெட்டியைத் திறந்தான். சத்தம் சம்பந்தப்பட்ட மாதிரி ஒரு பெயர் மேலேயே நின்றது. பிடித்தான். என்ரர்.

பாட்டு நின்றது. கடை அப்படியே அமைதியாகியது.

"பாத்தீங்களோ!" என்றான் ரொபின்சன்.

"பாத்தம். இப்ப அவையின்ர சத்தம் எங்க?" என்றாள் நூர்ஜஹான்.

அவன் ஸ்பீக்கரில் காதை வைத்தான். ஒன்றுமில்லை, ஒரு இரைச்சல்கூட இல்லை. பாட்டை நிறுத்தப் போய் ஸ்பீக்கருக்கு வருகிற சத்தத்தின் வேரையே பிடுங்கிவிட்டான் என்று அப்போதுதான் விளங்கியது.

"முகமாவது தெரியுதுதானே. காணும்" என்றாள் றோசம்மா. பிறகு கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். "தம்பி, ஏன் ஒருத்தரும் அசையினமில்லை?"

ரொபின்சன் பார்த்தான். உண்மைதான். கொஞ்சம் முன்னே மீன் வாடி மாதிரி இருந்த பந்தல் இப்போது போட்டோ மாதிரி நின்றது. பெனடிற் நேரே பார்த்தபடி. தர்ஷிகா தலையைக் கொஞ்சம் சரித்தபடி. மார்த்தா கையைக் கூப்பியபடி. பின்னால் நின்ற கூட்டம் அத்தனையும் நின்றது நின்றபடி.

"படம் நிண்டு போச்சு அக்கா" என்றான் ரொபின்சன். தொழில்காரன் குரலில் சொன்னான். திரையின் அடியில் கடிகாரம் ஒன்பது மணியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அப்ப போன் எடுத்துக் கேப்பம்" என்றாள் றோசம்மா.

நல்ல யோசனைதான். ரொபின்சன் மார்த்தாவின் தம்பியுடைய போனுக்கு எடுத்தான். அங்கே லப்டொப் வைத்திருப்பது அந்த மனிசன்தான். மணி அடித்ததும் திரையில் படம் சுருங்கிக் கறுப்பாகியது.

"ஐயோ அண்ணை, போனை வையுங்கோ!" என்று அந்தப் பக்கம் கத்தியது. "இந்தப் போனாலதான் இஞ்ச இன்ரநெட்டே ஓடுது. நீங்கள் எடுத்தா லைன் அறும்!" டக்கென்று வைத்துவிட்டான்.

பிறகு திரும்ப வீடியோக் கோல் வந்தது. ரொபின்சன் பாய்ந்து என்ரர் தட்டினான். படம் வந்தது. திரும்பவும் நின்றது. முந்தியதைவிடச் சுத்தமாய் நின்றது.

"இது மெசினில பாரம்" என்று ரொபின்சன் முடிவுகட்டினான். "உள்ளுக்க கண்டகண்ட புரோகிராம் எல்லாம் இருந்து தின்னுது. ரெண்டு மூண்டை நிப்பாட்டினா, படம் தானா ஓடும்."

"தெரிஞ்சுதான் செய்யிறியோ?" என்றார் இராயப்பு. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வசனம்.

"தெரியாமலோ அண்ணை!"

அவன் வரிசையில் இறங்கினான். பிரிண்டர் என்று ஒன்று இருந்தது. இப்போது யாருக்கு வேண்டும் பிரிண்டர்? என்ரர். மூலையில் பாதிக் கடதாசியை வெளியே தள்ளிக்கொண்டிருந்த மெசின் அப்படியே நின்றது.

"யா அல்லாஹ், என்ட அடையாள அட்டை!" என்றாள் நூர்ஜஹான். கடதாசியில் அவளுடைய நெற்றியும் கண்ணும் மட்டும் வந்திருந்தன.

"பிறகு எடுத்துத் தாறன் அக்கா."

"மூக்கில்லாமலோ அரசாங்கக் கச்சேரிக்குப் போறது?"

படம் அசையவில்லை. அடுத்தது. பெயரில் "பனல்" என்று இருந்தது. பனலாவது கினலாவது என்று என்ரர் தட்டினான். திரையின் அடியில் இருந்த பட்டை முழுவதும், மணிக்கூடு உட்படக் காணாமல் போனது. படம் மட்டும் சட்டம் கழன்ற கண்ணாடி மாதிரி அந்தரத்தில் தொங்கியது.

"இப்ப என்ன நேரம்?" என்றாள் றோசம்மா.

"நேரத்தையும் முடிச்சிட்டார்" என்றாள் நூர்ஜஹான்.

ரொபின்சனுக்கு வேர்த்தது. இனி ஒன்று மட்டும் என்று நினைத்தான். எழுத்துகளோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு பெயர் இருந்தது. எழுத்துக்கும் வீடியோவுக்கும் என்ன உறவு? என்ரர். படம் அசையவில்லை. அடுத்த பெயரைத் தேட இங்கிலிசில் எழுத்தை அடித்தான். தமிழில் விழுந்தது. திரும்ப அடித்தான், திரும்பத் தமிழ். தமிழுக்கும் இங்கிலிசுக்கும் மாற்றுகிற புரோகிராமை, அது தமிழில் நின்ற நேரம் பார்த்து, அவனே முடித்துவிட்டிருக்கிறான். வரிசையில் இருந்த பெயர் முழுக்க இங்கிலிசு. இனி ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அம்புப் பொத்தானும் என்ரரும் மட்டும்தான் மிச்சம்.

"தம்பி" என்று றோசம்மா மெல்லச் சொன்னாள். "பெனடிற்றுக்கு நெத்தியில வேர்வை. முந்தி இருக்கேல்லை."

"அது படத்தில விழுற புள்ளி அக்கா. லைன் இல்லாட்டி அப்பிடித்தான்."

"எனக்கெண்டா வேர்வை மாதிரித்தான் கிடக்கு."

"இஞ்சேரும், நீர் சும்மா இரும்" என்றார் இராயப்பு. அவர் இவ்வளவு நேரமும் சுவரைப் பார்ப்பது போல இருந்துகொண்டு ஓரக்கண்ணால் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெனடிற் இமை வெட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பில்லை, ஒரு தலையசைப்பில்லை. "பாத்தீரே அவன்ர பார்வையை. நிண்டுபோன படத்திலயும் என்னை முறைக்கிறான். இவனுக்கோ நான் ஆசீர்வாதம் குடுக்க வந்தனான்?"

அவர் எழும்பினார். வேட்டியை உதறிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

"அண்ணை, அண்ணை!" ரொபின்சன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். "அவன் முறைக்கேல்லை. எந்த நேரம் படம் நிண்டுதோ, அந்த நேரத்து முகம் அது. என்னை இப்பிடி நிப்பாட்டினா நானும் முறைக்கிற மாதிரித்தான் இருப்பன். வாங்கோ. இப்ப சரிப்பண்ணுறன். சத்தியமா."

இராயப்பு வந்து இருந்தார். சத்தியத்துக்காக வரவில்லை, றோசம்மா அழத் தொடங்கியிருந்தாள். கொட்டிக்கொட்டி அழவில்லை. கூறைச் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றி ஒற்றி, சத்தமில்லாமல் அழுதாள். அதுதான் அவரால் தாங்கமுடியாத அழுகை.

ரொபின்சனுக்கு இனி ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. வீடியோக் கோல் ஓடுகிற புரோகிராமையே முடித்துவிடுவது. பிறகு கொம்பியூட்டர் முழுவதையும் நிற்பாட்டிப் போடுவது. இந்தக் கிழட்டு மெசின் எழும்பப் பத்து மணி தாண்டிவிடும். எழும்பாமலும் விடும். ஆனால் வேறு என்ன செய்ய? அம்புப் பொத்தானால் ஒவ்வொரு பெயராய் இறங்கி, அந்தப் பெயரில் வந்து நின்றான். விரல் என்ரருக்கு மேலே நின்றது.

"இதை முடிச்சா முகமும் போயிடும் அண்ணை. திரும்ப வருமோ எண்டு... சொல்லேலாது."

றோசம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், யாரை என்று தெரியவில்லை.

"பொறு" என்றார் இராயப்பு.

அவர் கதிரையைத் திரைக்குக் கிட்டே, மைக்கோடு சேர்ந்த கமராவுக்கு நேரே இழுத்துப் போட்டார். "நான் கதைச்சா அவனுக்குக் கேக்குமோ?"

"எங்க அண்ணை கேக்கிறது! எல்லாம் நிண்டு போச்சே."

"சரி. அப்ப கதைக்கலாம்."

நூர்ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினாள். காதை மட்டும் திருப்பவில்லை.

"டேய்" என்றார் இராயப்பு திரையைப் பார்த்து. தொண்டையைச் செருமினார். "நீ கேக்கமாட்டாய் எண்டபடியாத்தான் சொல்லுறன். பிளேன் ஏறேக்க திரும்பிப் பாக்கேல்லை எண்டு கொம்மா இண்டைக்கும் என்னைப் பேசுறா. திரும்பிப் பாத்திருந்தா ஏறியிருக்கமாட்டன். அதுதான் விசயம்."

றோசம்மா வாயைப் பொத்தினாள்.

"வளவு முழுக்கக் காடு மண்டிக் கிடந்தது. வெட்டிட்டன். கிணறு இறைச்சாச்சு, தண்ணி தேத்தண்ணிக்கு நல்லாயிருக்கு. வீட்டுக்கு அத்திவாரம் போடேக்க ஒரு அறை கூடப் போட்டனான். சாமான் அறை எண்டு கொம்மாவுக்குச் சொன்னனான். சாமானுக்கு ஆராவது சன்னல் ரெண்டு வைப்பானோ? அது உனக்கு. உனக்கும் அந்தப் பிள்ளைக்கும்."

"கள்ள மனிசன்!" என்றாள் றோசம்மா. "நான் அதுக்குள்ள நெல்லுச் சாக்கையெல்லோ அடுக்கினனான்!"

"நீ வா எண்டு நான் கேக்கேல்லை. அங்க உனக்குத் தொழில் கிடக்கு, ஆக்கள் இருக்கினம். வந்தா வா, வராட்டி அங்க இரு. அறை அங்கதான் கிடக்கும், நெல்லு மூட்டையை எடுத்துப்போடலாம். பிள்ளை இல்லை எண்டு சொன்னது... அது வாய். வாய்தானே. மனசு சொல்லேல்லை, அப்பு."

அவருடைய குரல் உடைந்தது. அதை மறைக்க உரத்துப் பேசினார். "போ. நேரம் போகுது. சுவாமியைக் காக்க வைக்காத. அந்தப் பிள்ளையை அழவிடாம வைச்சிரு. ஆண்டவர் உங்கள் ரெண்டு பேரையும் நல்லா வைச்சிருக்கட்டும்."

பெருவிரலை நீட்டி, திரையில் மகனுடைய நெற்றி இருந்த இடத்தில் சிலுவை போட்டார். பக்கத்தில் தர்ஷிகாவின் நெற்றியிலும் போட்டார். றோசம்மாவும் எழும்பி வந்து, தன் பங்குக்கு இரண்டு பேருக்கும் போட்டாள். தூசி படிந்த கண்ணாடியில் சின்னச் சின்னச் சிலுவைகள் நின்றன.

"இப்ப நிப்பாட்டு தம்பி" என்றார் இராயப்பு.

ரொபின்சனால் என்ரரைத் தட்ட முடியவில்லை. எத்தனையோ பெயரை ஈவிரக்கமில்லாமல் முடித்த விரல், இப்போது மரத்துப்போய் நின்றது. இந்த மனிசன் இவ்வளவையும் சொல்லி, அது அந்தப் பொடியனுக்குக் கேட்காமல் போவதா? பூசை இல்லாமல் போவதா? மாட்டேன் என்று அவன் வரிசையை மூடி வெளியே வந்தான். வெறும் கறுப்புப் பெட்டி மட்டும் மினுங்கியது.

என்ன செய்வதென்று தெரியாமல் மேல் அம்பை ஒருமுறை தட்டினான். முன்பு எப்போதோ அடித்த ஒரு வரி தானாக வந்து நின்றது. இன்னொரு தட்டு. அதற்கும் முந்திய வரி. கறுப்புப் பெட்டி பழசு ஒன்றையும் மறக்கவில்லை! எழுத்து அடிக்காமலே அடித்த வரி கிடைக்கிறது! தட்டிக்கொண்டே போனான். லக்சன் ஸ்பீக்கர் பூட்டிய அன்றைக்கு, சத்தத்தை எழுப்ப அடித்த வரி வந்தது. அந்தப் பெயர் அவனுக்கு நல்ல ஞாபகம். கொஞ்சம் முன்னே பாட்டை நிறுத்த அவனே முடித்த பெயர்.

"சத்தமாவது வரட்டும்" என்று சொல்லிக்கொண்டு, அந்தோனியாரை நினைத்து, என்ரர் தட்டினான்.

ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு இருமல் கேட்டது. எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்க, யாரோ "ஸ்ஸ்" என்றார்கள். கோயில் மணி ஒன்று, தூரத்தில், கடலுக்கு அந்தப் பக்கத்தில் அடித்தது.

கடையில் நாலு பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். திரையில் மட்டும் யாரும் அசையவில்லை. பிறகு பச்சைச் சேலை மார்த்தா, கூப்பிய கையை இறக்காமல், உதட்டையும் பெரிதாகப் பிரிக்காமல், பல்லுக்குள்ளால் மெல்லக் கேட்டாள்:

"சம்மந்தி, நீங்கள் சொன்னது ஒரு சொல்லு விடாமக் கேட்டது; அசைஞ்சா லைன் அறுந்திடும் எண்டு என்ர தம்பி சொன்னதால அப்ப தொடக்கம் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம், இனி மாப்பிள்ளை கண்ணைத் துடைக்கலாமோ?"